சொந்தத்திலிருந்து சாதிக்கு: அரியலூர் வட்டாரமும் இணையத்தில் வரன் தேடுதலும்

படிவத்தின் முதல் கேள்வி

தமிழ் மேட்ரிமோனி போன்ற ஒரு தளத்தில் பதிவு செய்யப் போனால் முதலில் கேட்கப்படுவது வரனின் பெயர் அன்று. இந்தப் பதிவு யாருக்காக என்பதே முதல் கேள்வி. எனக்காக, மகனுக்காக, மகளுக்காக, சகோதரனுக்காக, சகோதரிக்காக, உறவினருக்காக, நண்பருக்காக என்று பட்டியல் இறங்குகிறது. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் வேறு, படிவத்தை நிரப்புகிறவர் வேறு என்பதைத் தளம் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. பிறகு மதம், தாய்மொழி, சாதி, உட்பிரிவு, தோஷம். சாதிக் கட்டத்தை ஒட்டி ஒரு சின்னச் சதுரம்: பிற சமூகத்தினரையும் மணக்கச் சம்மதம். அதைத் தொடாமலே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

அந்தச் சதுரத்தைப் பற்றியதே இக்கட்டுரை. அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் அல்ட்ராடெக் சிமென்ட் ஆலையும்தான் அந்த ஊர்ப் பெயரை வெளியூர்க்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவை. சிமென்ட் ஏற்றிய லாரிகள் இரவு பகலாகப் போகும் பகுதி இது. பெரம்பலூர், அரியலூர் வீடுகளில் ஒரு பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பது யாருக்கும் புதிய செய்தி இல்லை. பிழைப்புக்காக இவ்வளவு தூரம் போய் வருகிறவர்கள் கல்யாணத்துக்காக எவ்வளவு தூரம் போகிறார்கள்? வட்டாரத் தளங்களும் சமூக வலைத்தளங்களும் அந்தத் தூரத்தை என்ன செய்தன?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தளங்கள் ஊர்த் தூரத்தைக் கடக்க வைத்தன. சாதித் தூரத்தைக் கடக்கும் தேவையைக் குறைத்தன. சொந்தத்துக்குள் நடந்த கல்யாணம், முகம் தெரியாத சொந்தச் சாதிக்காரரோடு நடக்கும் கல்யாணமாக மாறிய காலத்தில் அவை வந்தன. அந்த மாற்றத்துக்குத் தகுந்த கருவியாகவே வளர்ந்தன.

இதுவரை சொல்லப்பட்டவை

இணைய வரன் தேடலைப் பற்றிய பேச்சு பொதுவாக இரண்டு பக்கமாகப் பிரிகிறது. தரகரும் பெரியவர்களும் முடிவு செய்த இடத்தில் பிள்ளைகள் தாங்களே பார்த்து, பேசி, மறுத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இணையம் தெரிவைத் திறந்துவிட்டது என்பது ஒரு பக்கம். பழைய சாதியும் பழைய ஜாதகமும் கணினித் திரைக்கு ஏறியதைத் தவிர எதுவும் மாறவில்லை என்பது மறுபக்கம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே தளத்தை ஒரு கண்ணாடியாகவோ கதவாகவோ பார்க்கின்றன. சந்தையாகப் பார்க்கும்போதுதான் விஷயம் பிடிபடுகிறது.

அப்படிப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைத்ரீஷ் கட்டக், ஜான் லஃபோர்ச்சூன் ஆகியோர் கொல்கத்தாவில் வெளிவரும் ஆனந்த பஜார் பத்திரிகாவில் மணவிளம்பரம் கொடுத்த 783 குடும்பங்களை நேரில் கண்டு பேசினார்கள். 2013இல் வெளிவந்த அந்த ஆய்வு, சொந்தச் சாதி வேண்டும் என்ற விருப்பம் மிக வலுவானது என்று காட்டியது. அதைவிட முக்கியமானது அடுத்த கண்டுபிடிப்பு: அந்த விருப்பத்துக்காகக் குடும்பங்கள் கொடுக்கும் விலை மிகக் குறைவு. படித்தவர், வேலையில் இருப்பவர், வசதியானவர் ஒவ்வொரு சாதியிலும் கிடைக்கிறார்கள். ஆகவே சாதிக்குள்ளேயே நின்றாலும் பெரிதாக எதையும் இழக்க வேண்டியதில்லை. பொருளாதாரம் வளர்ந்தால் சாதிக் கல்யாணம் தானாகக் கரையும் என்ற நம்பிக்கைக்கு இது பலத்த அடி.

இதை அரியலூருக்குக் கொண்டுவருவோம். பி.இ. படித்த பெண்ணுக்கு, சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் அதே சாதியில், ஒத்த படிப்பில், ஜாதகம் பொருந்தும் மாப்பிள்ளை கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். படிப்பையா, வயதையா, சாதியையா என்ற கேள்வி அந்த வீட்டுத் திண்ணைக்கு வந்தே தீரும். மாநிலம் முழுவதும் பரந்த பட்டியல் கைபேசிக்குள் வந்ததும் அந்தக் கேள்வி எழாமலே போகிறது. திருப்பூரில் இல்லாவிட்டால் ஓசூர், ஓசூரில் இல்லாவிட்டால் அபுதாபி. சாதியை விடாமல் இருப்பதற்கான விலையைத் தளம் இன்னும் மலிவாக்கிவிடுகிறது.

எம்.என். சீனிவாஸ் இதற்கு வெகுகாலம் முன்பே ஒரு வழி காட்டியிருக்கிறார். சாலை, ரயில், தபால், மலிவான அச்சுத்தாள் ஆகியவை சாதியைக் கலைக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், சிதறிக் கிடந்த சாதியாரை ஒன்றுசேர்க்கவே அவை பயன்பட்டன என்றார். தபாலும் ரயிலும் செய்ததையே இணையமும் செய்திருக்கிறது.

தளங்கள் வந்த வழி

இந்தத் தளங்களின் பிறப்பு ஊரில் நடக்கவில்லை. சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில், 1997இல், அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். செய்தி, பண்டிகை நாட்கள் என்று பலவும் இருந்த அதில் வரன் பகுதிக்கே கூட்டம் சேர்ந்தது. தம் மனைவியையும் அவர் அந்த வழியிலேயே கண்டடைந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பாரத் மேட்ரிமோனி. தமிழ், தெலுங்கு, மலையாளம் என மொழிவாரித் தளங்கள் அதன் கிளைகளாயின. நிறுவனம் 2017 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது.

தரகரும் சித்தப்பாவும் இல்லாத அயலூரில் தமிழன் தேடிய துணை அது. அங்கே வட்டாரம் என்றால் மொழி. ஊருக்குத் திரும்பி வந்தபோது மொழி மட்டும் போதவில்லை. ஜெயங்கொண்டத்தில் எல்லாரும் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆகவே தளம் அடுத்த படிக்கு இறங்கியது: கம்யூனிட்டி மேட்ரிமோனி என்ற பெயரில் சாதிக்கு ஒரு தளம் என 300க்கும் மேற்பட்ட சேவைகள். தினத்தந்தியின் மணவிளம்பரமும், சன் டிவியில் ஞாயிறு காலை வந்த ‘கல்யாண மாலை’யும் எல்லாச் சாதியையும் ஒரே பக்கத்தில், ஒரே மேடையிலாவது காட்டின. வேண்டாதவர்களின் விளம்பரமும் கண்ணில் பட்டே தீரும். சாதித் தளத்தில் அதுவும் இல்லை.

அண்மையில் அதே நிறுவனம் ஜோடி என்ற செயலியையும் கொண்டுவந்தது. பட்டப்படிப்பு இல்லாதவர்களுக்கானது அது. ஓட்டுநர், டெக்னீசியன், கடைப் பணியாளர் எனத் தளங்கள் தொடாமல் விட்டிருந்தவர்களுக்குத் தாய்மொழியிலேயே வரன் பார்க்கும் வழி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்திராவிட்டால் இப்படிப்பட்ட ஒன்றை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். சிமென்ட் ஆலை ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டுக்கும் இணைய வரன் தேடல் வந்து சேர்ந்த கதை இது.

சொந்தம் சுருங்கிய கதை

தளம் வந்ததால் பழைய முறை மாறியதா, பழைய முறை மாறியதால் தளம் பிடித்துக்கொண்டதா? இரண்டாவதே சரி என்று நினைக்கிறேன். ஏனென்றால் மாற்றம் தளங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று முறை பார்த்துக் கொடுப்பது இப்பகுதியில் வெறும் வழக்கம் அன்று, உரிமை. முறைமாமனைக் கேட்காமல் பெண்ணை வெளியில் கொடுத்தால் பந்தலில் சண்டை வரும். காரின் கபாடியா திருச்சிப் பகுதியின் கீழ்க்காவிரிக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து 1995இல் வெளியிட்ட நூல், அந்த உரிமை தளர்ந்துகொண்டிருந்ததை நுணுக்கமாகப் பதிவு செய்தது. படித்து நகரத்து வேலைக்குப் போன மாப்பிள்ளைகள் வந்ததும், சொந்தத்தை விட்டு வெளியில் பெண் எடுப்பதும், பரியம் கொடுத்த சாதிகளில் வரதட்சிணை புகுந்ததும் ஒன்றாகவே நடந்தன என்று அவர் காட்டினார். 2014இல் வந்த இசபெல் கிளார்க்-டெசேயின் நூலும் தமிழ்நாட்டு முறைக் கல்யாணம் மங்கிவருவதையே பேசியது. முற்றாக மறைந்துவிடவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் இன்னும் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று.

சொந்தத்தில் கொடுத்தபோது யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பையன் குடிப்பானா, மாமியார் எப்படி, நிலத்தில் வில்லங்கம் உண்டா என்பதெல்லாம் பிறந்ததிலிருந்து தெரியும். அசலில் கொடுப்பது என்று முடிவானதும் தெரியாத மனிதரைத் தெரிந்தவராக்க ஒரு வழி தேவைப்பட்டது. சாதி அந்த இடத்தை நிரப்பியது: நம்ம ஆளுங்க என்றால் பாதி தெரிந்த மாதிரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளத்தான் வரன் விவரத்தாள்.

அந்தத் தாளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. வாட்ஸ்அப்பில் வரும். மேலே பிள்ளையார் சுழி. பக்கத்தில் ஸ்டுடியோவில் எடுத்த முழு உருவப் படம். பெயர், பிறந்த நேரம், நட்சத்திரம், ராசி, லக்னம். நடுவில் பன்னிரண்டு கட்டம், அருகிலேயே நவாம்சம். படிப்பு, வேலை, சம்பளம். தகப்பனார் தொழில், உடன்பிறந்தார் எத்தனை பேர், அவர்களில் கல்யாணமானவர் எத்தனை பேர். சொந்த வீடு, இத்தனை ஏக்கர் நிலம், அதில் போர்வெல் உண்டா என்பது வரை. கடைசி வரி ‘எதிர்பார்ப்பு’. அதில் பெரும்பாலும் மூன்று சொற்களுக்குள் முடிந்துவிடும்: நல்ல குடும்பம், படித்தவர், அதே பிரிவு. பெண்ணுக்கு என்ன பிடிக்கும், பையன் எதற்குக் கோபப்படுவான் என்பதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை. தளத்தின் படிவம் இந்தத் தாளைப் பார்த்து எழுதப்பட்டதா, தாள் இப்போது படிவத்தைப் பார்த்து மாறுகிறதா என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன.

தளத்தில் வந்த வரனும் கடைசியில் ஊர் வழியே வந்தாக வேண்டும். மாப்பிள்ளை ஊரில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் விசாரிப்பார்கள். வீடு பார்க்கப் போனால் சம்மதம் என்று முடிவாகும்வரை அங்கே கை நனைக்க மாட்டார்கள். காபி ஆறிப்போனாலும் பரவாயில்லை. முகவரியை இணையம் கொடுத்தது. நம்பிக்கையை இன்னும் ஊர்தான் கொடுக்கிறது.

பட்டியலில் கரைந்த பிரிவுகள்

சாதிக்குள்ளேயே நின்றது என்றால் சாதி அப்படியே நின்றது என்று பொருளில்லை. மணவட்டம் விரியும்போது சாதியின் எல்லையும் நகர்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இதற்குக் கண்முன் நிற்கும் உதாரணம் உடையார் சமூகம். மலையமான், நத்தமான், சுருதிமான் என்ற மூன்று பிரிவுகளாக அறியப்பட்டவர்கள் அவர்கள். தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலோ மூப்பனார், நயினார் பட்டங்களையும் சேர்த்து அனைவரையும் பார்க்கவகுலம் என்ற ஒரே பெயரின் கீழ் வைக்கிறது. வன்னியரிடையே படையாட்சி, கவுண்டர், நாயக்கர் என ஊருக்கு ஊர் மாறும் பட்டங்கள் ஒரே பெயருக்குள் சேர்ந்ததும் இவ்வகையே. இதில் சங்கங்களின் அரசியலுக்கும் இடஒதுக்கீட்டுச் சான்றிதழுக்கும் முதல் பங்கு உண்டு.

தளத்தின் கீழிறங்கும் பட்டியல் இதற்கு மேல் ஒன்றைச் செய்கிறது. சான்றிதழில் ஒன்றான பெயரைக் கல்யாணத்திலும் ஒன்றாக்குகிறது. ‘சாதி’ என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும். ‘உட்பிரிவு’ கட்டத்தை விட்டுவிடலாம். தேடுகிற தகப்பன், எண்ணிக்கை கூடும் என்பதற்காகவே உட்பிரிவைத் திறந்துவிடுகிறார். உட்பிரிவுகளுக்கு இடையே பெண் கொடுத்து வாங்குவதைச் சீர்திருத்தம் என்று சிலர் மகிழ்வதுண்டு. சிறு வேலிகள் விழுவது உண்மையே. ஆனால் உள்வேலிகள் விழ விழ வெளிவேலி உயர்கிறது. ‘சாதி தடையில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே பட்டியல் சாதியினர் வேண்டாம் என்று எழுதும் விளம்பரங்களை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். எந்த வேலி எங்கே நிற்கிறது என்பதற்கு அந்த இரண்டு வரியே சான்று.

கிட்டத்தில் இருப்பதன் ஆபத்து

வரன் தளங்களுக்கு வெளியே, கல்யாணப் பேச்சு இல்லாமல் பழகுவதற்கான செயலிகளும் வட்டார முகம் கொண்டிருக்கின்றன. பெங்களூரின் ஐஸில் நிறுவனம் மலையாளிகளுக்கு அரிகே, தமிழர்களுக்கு அன்பே, தெலுங்கர்களுக்கு நீதோ என்று தனித்தனிச் செயலிகள் வெளியிட்டது. வரன் தளமான ஜீவன்சாதியை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் நிறுவனமே 2022இல் ஐஸிலின் பெரும்பங்கை வாங்கியது.

இவை பெரம்பலூரைத் தாண்டி உள்ளே வர ஏன் தயங்குகின்றன? கட்டுப்பாடு, வெட்கம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு வேறொரு காரணம் தென்படுகிறது. 2012இல் வந்த டிண்டர் முதலாகப் பழகு செயலிகளின் அடிப்படை அருகாமை: உங்களிடமிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் யார் இருக்கிறார்கள் என்று காட்டுவது. முகம் தெரியாத மாநகரத்தில் அருகாமை வசதி. ஊர் வேறு, காலனி வேறு என்று தெருவே சாதியால் பிரிந்த இடத்தில் மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர் இரண்டில் ஒருவர்: அண்ணன் தங்கை முறையாகும் பங்காளி, அல்லது பழகினால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய வேற்றுச் சாதிக்காரர். இங்கே அருகாமை என்றால் கண்காணிப்பு. வரன் தளம் தூரத்தை விற்றதால் ஊருக்குள் வந்தது. பழகு செயலி அருகாமையை விற்பதால் ஊருக்கு வெளியே நிற்கிறது.

அதனால் பிள்ளைகள் பழகவில்லை என்றில்லை. அதற்கென்று கட்டப்படாத இடங்களில் பழகுகிறார்கள். முன்பு ஆர்குட், பிறகு ஃபேஸ்புக், இன்று இன்ஸ்டாகிராம். கல்லூரிப் பேருந்தில் பார்த்தவரை இரவில் தேடிப் பிடித்து, ரீல்ஸுக்கு ஒரு இதயம் போட்டு, மூன்று நாள் கழித்து ‘சாப்டீங்களா’ என்று ஒரு செய்தி. இந்தியாவில் 2020 ஜூனில் தடை செய்யப்படும்வரை டிக்டாக்கின் டூயட் வசதியில், ஒருவரையொருவர் பார்த்தேயிராத இருவர் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பாட்டுக்கு வாயசைத்தார்கள். ஊரில் நிற்க முடியாத நெருக்கம் அது. அதே டிக்டாக்கில்தான் அரிவாளும் சாதிக்கொடியுமாக வீடியோக்களும் குவிந்தன. கருவி ஒன்று, கை இரண்டு.

இந்தச் சுதந்திரத்துக்கு இளம்பெண்கள் கொடுக்கும் விலையை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. பொள்ளாச்சியில் சமூக வலைத்தளப் பழக்கத்தின் வழியே பெண்களை வரவழைத்து, வன்கொடுமை செய்து, படமெடுத்து மிரட்டிய வழக்கு 2019இல் வெளிப்பட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்த வழக்கிலிருந்து பல வீடுகள் எடுத்துக்கொண்ட பாடம் பெண்ணின் கைபேசியைப் பிடுங்குவது. அது தவறான பாடம். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயமே மிரட்டுகிறவனின் ஆயுதம். அந்தப் பயத்தை வளர்க்கும் வீடு ஆயுதத்தை எடுத்து அவன் கையில் கொடுக்கிறது.

அரசும் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2016 ஜூனில் வந்த மத்திய அரசின் அறிவுரை, வரன் தளங்கள் கல்யாணத்துக்காக மட்டுமே, பழகுவதற்கான தளங்கள் அல்ல என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றது. பதிவு செய்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்கவும் சொன்னது. மோசடிக்காரர்களைத் தடுக்க அது தேவைதான். எனினும் ஒருவரை அறிந்து பழகுவதும் கல்யாணம் செய்வதும் இரு வேறு தளங்களின் வேலை என்ற பிரிவினைக்கு அது அரசின் முத்திரையாகவும் ஆகிவிட்டது. பேசிப் பழகிப் பார்க்காமல் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

தாளில் இருப்பது யாருடைய சொத்து

சாதி, ஜாதகம், சம்பளம், தகப்பன் பெயர், படம் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் பட்டியல் வரன் தளத்தைப் போல் வேறொன்று இல்லை. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அளித்த வரைவு, சாதி அல்லது பழங்குடி என்ற தகவலைத் தனிக் காப்பு தேவைப்படும் நுண்தகவலாக வைத்திருந்தது. 2023இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகையே இல்லை. மகளுக்காகத் தகப்பன் பதிவு செய்யும்போது சம்மதம் யாருடையது என்பது இங்கே வெறும் சட்டக் கேள்வி அன்று. மகள் பதினெட்டைக் கடந்தவளென்றால் அந்தத் தகவலுக்கு உரியவள் அவள்தான். தளங்கள் அவளிடம் தனியாக, அவளுடைய கைபேசி எண்ணிலேயே ஒப்புதல் வாங்க வேண்டும். தொழில்நுட்பத்தில் இது சிரமமான வேலை இல்லை.

897

சதுரத்துக்குத் திரும்புவோம். அதை நிரப்பச் சட்டமோ பிரச்சாரமோ தள்ளாவிட்டாலும், கணக்கு தள்ளும் நாள் வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1015 பெண்கள் இருந்தார்கள். பார்த்தால் நல்ல எண். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்தால் 1000 ஆண் குழந்தைகளுக்கு 897 பெண் குழந்தைகள். கடலூருக்கு அடுத்தபடியாக மாநிலத்திலேயே மிகக் குறைந்த விகிதம். பிறக்க விடாமல் தடுக்கப்பட்ட பெண்களின் கணக்கு அது.

பெண் கிடைக்கவில்லை என்று தகப்பன்மார் தளங்களில் வயதையும் உட்பிரிவையும் தூரத்தையும் தளர்த்துவதை இப்போதே பார்க்கிறோம். சாதியைத் தளர்த்துவதா, வெளிமாநிலத்துத் தரகரிடம் பணம் கொடுத்துப் பெண் எடுப்பதா என்பது அடுத்த கேள்வியாக வரும். வடஇந்தியாவில் ஹரியானா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. முதல் வழி இங்கே நம் வீட்டு வாசலிலேயே திறந்திருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு சதுரத்தில் ஒரு தொடுதல்.

2011இல் கணக்கெடுக்கப்பட்ட அந்தக் குழந்தைகளில் மூத்த பெண்கள் 2022இல் பதினெட்டு வயதை எட்டினார்கள். கடைசிப் பெண் 2029இல் எட்டுவாள்.